தாண்டிவிட்ட பக்கம்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. கோயிலுக்குப் பின்னாலே உடைந்த பெஞ்சுகளையும் காற்றுப் போகாத ஆர்மோனியப் பெட்டியையும் போட்டு வைத்திருக்கிற அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் வளர்ந்தவர்கள். சபையில் சேர விரும்புகிற பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பு அது. மதுரையைச் சுற்றி இருக்கிற லுத்தரன் சபைகளில் ஒன்று. எந்த ஊர், எந்தத் தெரு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒரு சபையைத் திட்டிவிட்டு மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

பாடம் சொன்னவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழை பெய்தாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுவார். முதல் நாள் எங்களிடம் அவர் கேட்டது: "எதுக்காக இந்தச் சபைக்கு வர்றீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க." ஒரு பையன், பொண்ணு வீட்டுக்காரர்கள் இந்தச் சபை, கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்றான். ஒருவர் மகளுக்கு ஜெபத்தில் சீக்கு தீர்ந்த கதையைச் சொன்னார். நான் உண்மையைத் தேடி வந்ததாக எங்கேயோ படித்ததை ஒப்பித்தேன். கடைசியாக ஒரு பெரியம்மா. மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுதப் படிக்கத் தெரியாது. "சாப்பாட்டுக்குத்தேன் வந்திருக்கேன் ஐயா" என்றார்.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போனது. "அப்படிச் சொல்லக்கூடாதும்மா. ஏற்கெனவே ஊரெல்லாம் நம்மள அப்படித்தான் பேசுறாங்க" என்றார். பெரியம்மா விடவில்லை. "ஞாயித்துக்கெழம முன்னால மேசையில அப்பமும் ரசமும் குடுக்குறீகல்ல, அந்தச் சாப்பாட்டச் சொல்லுறேன். எல்லாரும் ஒரே பாத்திரத்துல வாய் வச்சுக் குடிக்கிறாகளே! நான் கூட்டுன தெருவுல ஒருத்தி ஒரு நாளு அவ சொம்ப எங் கையில குடுத்ததில்ல. மேல இருந்து ஊத்துவாக, கையில ஏந்திக் குடிப்பேன். அதுக்குத்தேன் வந்திருக்கேன்."

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஞானோபதேசப் புத்தகத்தைத் திறந்து பத்துக் கற்பனைகளை ஆரம்பித்துவிட்டார்.

சோத்துக்கு மதம் மாறினவன் என்ற பேச்சு நமக்குப் புதிதில்லை. மிஷனரி தன் நாட்டுக்கு எழுதிய அறிக்கையிலும் அந்தச் சந்தேகம் உண்டு, ஊர்ப் பெரியதனக்காரன் வாயிலும் உண்டு. 2002 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசாங்கமே அதை அவசரச் சட்டமாகப் போட்டது: வலுக்கட்டாயம், ஆசை காட்டுதல், மோசடி இவற்றால் மதம் மாற்றினால் தண்டனை. மாற்றப்படுகிறவர் தாழ்த்தப்பட்டவராகவோ பெண்ணாகவோ இருந்தால் தண்டனை கூடுதல். நமக்கெல்லாம் சொந்தப் புத்தி கிடையாது என்பது சட்டத்தின் அபிப்பிராயம். 2004 மே மாதம், நாடாளுமன்றத் தேர்தலில் அடி வாங்கியபின் அது கைவிடப்பட்டது. சட்டம் போனது, பேச்சு போகவில்லை. சபைக்குள்ளேயே நாலு தலைமுறையாக இருக்கிறவர்கள் நேற்று வந்த நம்மைப் பார்த்து அதே பேச்சைப் பேசுகிறார்கள். அவர்களுடைய பாட்டன் என்னத்துக்கு வந்தான் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் கேட்கிறேன்: சோத்துக்கு வந்தால் என்ன தப்பு? லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை எடுத்துப் பாருங்கள். கர்த்தருடைய ஜெபத்தில் அன்றாட அப்பத்தைக் கேட்கிற விண்ணப்பம் இருக்கிறதே, அதற்கு அவர் விளக்கம் சொல்கிற இடம். அப்பம் என்றால் ஆவிக்குரிய அப்பம் என்று அவர் வழுக்கிக்கொண்டு போகவில்லை. சாப்பாடு, குடிக்கத் தண்ணீர், துணி, செருப்பு, வீடு, நிலம், ஆடுமாடு, காசு, நல்ல அரசாங்கம், நல்ல மழைக்காலம், சமாதானம், உடல் சுகம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அடுக்கின் கடைசிப் பக்கத்தில் நம்பத்தக்க அண்டை அயலாரையும் சேர்க்கிறார். இத்தனையும் சேர்ந்ததுதான் அப்பம். இந்த ஞானோபதேசத்தை மனப்பாடமாக ஒப்பித்துத் திடப்படுத்தல் வாங்கியவர்கள்தான் ஒரு துப்புரவுத் தொழிலாளி சாப்பாட்டுக்கு வந்தேன் என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். நிலமும் செருப்பும் நல்ல அயலானும் கேட்டு வருகிறவன் அந்தப் புத்தகத்தின்படிதான் வருகிறான்.

அந்தப் புத்தகம் எப்படிப் பிறந்தது என்பதையும் எங்கள் வகுப்பில் சொல்லவில்லை. நான் பிறகு தேடிப் படித்ததுதான். 1528 வாக்கில் லுத்தர் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போனார். பார்த்ததில் அவருக்கு வயிற்றெரிச்சல். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பல குருமாருக்கே கர்த்தருடைய ஜெபம் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கோபத்தில்தான் 1529இல் ஞானோபதேசத்தை எழுதினார். முன்னுரையில் குருமாரைப் போட்டு வாங்குகிறார். வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முறையில் ஒவ்வொரு பகுதியும் அமைந்திருக்கிறது. அதாவது, வெளியே இருந்து சபைக்குள் வர நினைக்கிறவனைச் சோதிப்பதற்காக எழுதப்பட்டதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிறவன், பிறந்த எட்டாம் நாளே தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டவன், ஐயர் பட்டம் வாங்கியவன், இவர்களுக்குப் போட்ட சாட்டை அது.

நம்மூரில் அதை வாசல்காரன் கைத்தடியாக்கிவிட்டோம். சேரியிலிருந்து வருகிறவன் மூன்று மாதமோ ஆறு மாதமோ வியாழக்கிழமைதோறும் உட்கார்ந்து ஒப்பிக்க வேண்டும். ஏன் வந்தாய், எதை விட்டுவிட்டு வந்தாய், குடியை விட்டாயா, வீட்டில் படம் இருக்கிறதா, பிள்ளைக்கு முடி எடுத்தாயா, அய்யனாருக்குப் பொங்கல் வைத்தாயா என்று நூறு கேள்வி. பெஞ்சில் பிறந்தவனுக்கு ஒரு கேள்வியும் கிடையாது. அவன் மகனுக்கு மாப்பிள்ளைச் சந்தையில் எந்தச் சாதியில் பெண் தேடுகிறான் என்று எந்த ஐயரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள், கிறிஸ்தவப் பகுதியைப் பாருங்கள். பக்தியுள்ள பெண்ணும் வேண்டும், சாதியும் வேண்டும்.

எங்கள் வாத்தியார் வரிசையாகத்தான் நடத்தினார். கற்பனைகள் முடிந்தது, விசுவாசப் பிரமாணம் முடிந்தது, ஜெபம் முடிந்தது, ஞானஸ்நானம் முடிந்தது. அடுத்த வாரம் நேராக நற்கருணைக்குப் போய்விட்டார். நடுவில் ஒரு பகுதி இருந்தது: பாவ அறிக்கை. "இது ரோமன் கத்தோலிக்கக்காரங்க பழக்கம். நமக்குப் பொதுப் பாவ அறிக்கை போதும். இதத் தாண்டிக்கலாம்" என்றார். தாண்டினோம். வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை நான் தனியாகப் படித்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

எந்தப் பாவத்தை அறிக்கையிட வேண்டும் என்ற கேள்விக்கு லுத்தர் அங்கே பதில் சொல்கிறார். பொத்தாம்பொதுவாக நான் பாவி என்று புலம்பச் சொல்லவில்லை. பத்துக் கற்பனைகளைக் கையில் வைத்துக்கொண்டு உன்னுடைய நிலையை, அந்தஸ்தைப் பார் என்கிறார். நீ தகப்பனா, தாயா, மகனா, மகளா, எஜமானா, எஜமானியா, வேலைக்காரனா? சோம்பல் பட்டாயா, சொல்லாலோ செயலாலோ யாரையாவது நோகடித்தாயா, திருடினாயா, கேடு செய்தாயா? வேலைக்காரன் என்ன சொல்லி அறிக்கையிடலாம் என்று மாதிரி கொடுத்துவிட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளாமல் எஜமானும் எஜமானியும் என்ன சொல்லி அறிக்கையிட வேண்டும் என்றும் மாதிரி கொடுக்கிறார்.

சாக்சனியில் நிலை என்றால் எஜமான், வேலையாள். தமிழ்நாட்டில் நிலை என்றால் என்ன? இதற்குப் பதில் சொல்ல இறையியல் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. மேலூர் பஸ்ஸில் ஏறி எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் தெரியும். ஆண்டையா நீ, பண்ணையாளா? ஊரா, சேரியா? அந்தப் பக்கத்தை ஒழுங்காகத் தமிழில் நடத்தியிருந்தால் முந்நூறு வருசமாக ஒவ்வொரு வெள்ளாளக் கிறிஸ்தவனும் நற்கருணைக்கு முன்னால் தன் சாதியின் பேரால் செய்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் தாண்டினார்கள். வாத்தியாருக்குக் காரணம் தெரிந்திருக்காது, அவருக்கு நடத்தியவர் தாண்டியிருப்பார், அவருக்கு முன்னால் இருந்தவரும் தாண்டியிருப்பார்.

இது என் கற்பனை இல்லை, பழைய கதையைப் பாருங்கள். 1706 ஜூலையில் சீகன்பால்க்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1707 மே மாதம் முதன்முதலாக அவர்கள் ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். தரங்கம்பாடி மிஷனில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் முதல் பெயர்கள் அடிமைகளுடையவை. ஆண்டுவிழா மேடைகளில் சீகன்பால்க் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அந்த ஐந்து பேருக்கு யார் போட்டார்கள்? அதே சபை வளர வளர சூத்திரக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை உள்ளே விட்டது.

ராஜநாயக்கன் என்று ஒருவர். பறையர். தஞ்சை ராஜாவின் படையில் சிப்பாயாக இருந்தவர், கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான வேதப்புத்தகத்தைப் படித்து லுத்தரன் சபைக்கு வந்தார். இது பெரியவர்கள் வேதபாடம் படித்துச் சபை சேர்ந்ததற்கு நம் வரலாற்றில் முதல் பெரிய சாட்சி. ஒரு மிஷனரியும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை, அவரே படித்தார். உபதேசியாராகி, அடி உதை பட்டு, தஞ்சைச் சீமையில் நூற்றுக்கணக்கான பேரைச் சேர்த்தார். 1730களில் சுதேசி ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது அவர் பெயரும் அடிபட்டது. மிஷனரிகள் யோசித்தார்கள். பறையர் கையால் நற்கருணை வாங்கச் சூத்திரக் கிறிஸ்தவர்கள் சங்கடப்படுவார்களே என்று யோசித்தார்கள். 1733 டிசம்பரில் பட்டம் ஆரோனுக்குப் போனது. ஆரோன் கடலூர்க்காரர், வெள்ளாளர். நல்ல ஊழியர்தான், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ராஜநாயக்கன் சாகிறவரை உபதேசியார்.

வினாவிடை ஒப்பிப்பதில் ராஜநாயக்கன் தோற்கவில்லை. விசுவாசத்திலும் உழைப்பிலும் தோற்கவில்லை. வாங்குகிறவனுடைய நாக்கு கூசும் என்பதற்காகக் கொடுக்கிறவனுடைய கையைத் தள்ளிவைத்தார்கள். யார் நாக்கைச் சோதித்திருக்க வேண்டும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வி வெளிப்படையாகவே வந்தது. சபையில் சேருகிறவன் சாதியை விட வேண்டுமா, வேண்டாமா? கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் ஆங்கிலிக்கச் சபைகளுக்குச் சுற்றறிக்கை விட்டார்: சாதியை உடனே, முழுசாக விட வேண்டும். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதற்கு முன்னாலேயே சாதி வழக்கத்துக்கு வக்காலத்து வாங்கி எழுதியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். ஞாயிறுதோறும் அவர் கீர்த்தனைகளைத்தான் பாடுகிறோம். ராகமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே மதுரையில், 1834இல் வந்த அமெரிக்கன் மிஷன் 1847இல் இன்னும் கடுமையாகப் போனது. ஊழியரும் சபையாரும் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றது. மாட்டோம் என்றவர்களை விலக்கியது. விலக்கப்பட்டவர்களில் உபதேசியார்களே பலர். நம் பெரியம்மா சொன்ன அந்தச் சாப்பாடுதான், பாருங்கள். சபையில் இருக்கிறாயா இல்லையா என்பதற்கு மதுரை மண்ணில் ஒரு காலத்தில் சாப்பாடுதான் பரீட்சை. அந்தப் பரீட்சை உள்ளே இருந்தவனுக்கு வைக்கப்பட்டது.

லுத்தரன்கள் என்ன செய்தார்கள்? 1840இல் வந்த லைப்சிக் மிஷன் அந்தப் பரீட்சையை வைக்க மறுத்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை நேரில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, சாதி குடிமை வழக்கம், அதைச் சட்டம் போட்டு அறுக்கக் கூடாது, சுவிசேஷம் புளித்த மாவு மாதிரி உள்ளே இருந்து மெல்ல மாற்றும் என்று வாதிட்டார். பிறப்பில் எல்லா உயிரும் ஒன்று என்று சொன்ன திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவரும் இவரேதான். ஆவிக்குரிய ஆட்சி வேறு, உலக ஆட்சி வேறு என்ற லுத்தரின் பாகுபாடு இதற்கு வசதியாக இருந்தது. அந்தப் பாகுபாட்டை வைத்துக்கொண்டுதான் லுத்தரே 1525இல் எழுந்து நின்ற ஜெர்மானியக் குடியானவர்களை இரக்கமில்லாமல் ஒடுக்கச் சொல்லிப் பிரபுக்களுக்கு எழுதினார். அவருடைய ஞானோபதேசத்தை நான் மதிக்கிறேன் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. சாதியை விடச் சொன்ன ஆங்கிலிக்கச் சபைகளிலிருந்து கோபித்துக்கொண்டு வந்த வெள்ளாளர்கள் பலருக்கு லுத்தரன் சபை புகலிடமானது. லுத்தரன்களுக்குள்ளேயே இதைப் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி சாதிப் பிரச்சினையில் லைப்சிக்கோடு முறித்துக்கொண்டு போய் 1860களில் பட்டாம்பாக்கம் பக்கம் டேனிஷ் மிஷனைத் தொடங்கி வைத்தார். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரில் முளைத்தது.

மாவு புளித்ததா? கிரவுல் ஊருக்குத் திரும்பி நூற்றெழுபது வருசம் தாண்டிவிட்டது. நூற்றெழுபது வருசம் புளிக்காத மாவை எந்த வீட்டிலும் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். குப்பையில்தான் கொட்டுவார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பரீட்சை வைத்த சபைகளிலும் சாதி சாகவில்லை. அந்த வழியில் வந்த தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர் தேர்தல் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்கள் யார்? சட்டம் போட்டாலே போதும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்டுவிட்டுத் தோற்பது வேறு. கேள்வியே கேட்காமல், கேட்க வேண்டிய பக்கத்தைத் தாண்டிவிட்டு, எங்களிடம் சாதி இல்லை என்பது வேறு.

எங்களிடம் சாதி இல்லை என்ற அந்த வாசகம் நம் வயிற்றில் எப்படி அடிக்கிறது என்று பாருங்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் உத்தரவின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவன் பட்டியல் சாதியாக மாட்டான் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் வெளியே. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதிதிராவிடர், செருப்புத் தைக்கிற பட்டியல் சாதி இந்துக்களுக்கு அரசாங்கம் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கிறது, கிறிஸ்தவன் என்பதால் எனக்கு இல்லை என்கிறார்கள் என்று உச்சநீதிமன்றம்வரை போனார். 1985இல் தீர்ப்பு வந்தது: மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்ட வேண்டும், காட்டவில்லை. காட்டுவது யார் வேலை? எந்தக் கோயிலில் தனி வரிசை, எந்தக் கல்லறையில் தனிச் சுவர் என்ற பதிவெல்லாம் சபைகளின் பெட்டியில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் மானம் போகும் என்று மூடி வைத்தார்கள். போனது சூசையின் பெட்டிக்கடை. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டார்கள், காலநீட்டிப்பும் கொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானத்தை வைத்து ஒரு பிள்ளைக்கும் சாதிச் சான்றிதழ் எழுதித் தர முடியாது.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாணத்துக்காக வந்த பையன் அப்போது அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு அவன் சட்டப்படி பிற்படுத்தப்பட்டவன் ஆகிறான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கூரை போகிறது, தனித் தொகுதி போகிறது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்று 1996 முதல் 2006 வரை தேர்தலே நடத்த விடாமல் மறித்த ஊராட்சிகள் இதே மதுரை மாவட்டத்தில்தான். அந்த நாற்காலிக்காக மேலவளவில் 1997 ஜூனில் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த நாற்காலியில் போட்டியிடுகிற உரிமையைச் சபைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தோடு விட்டுக்கொடுக்கிறோம். விடு என்று சொல்ல வேண்டாம், விடாதே என்றும் சொல்ல வேண்டாம். இதுதான் விலை என்றாவது சொல்ல வேண்டாமா? அதைவிட்டு, சான்றிதழில் ஒரு பேரு, ஞானஸ்நானத்தில் ஒரு பேரு என்று வைத்துக்கொள்ளக் கண்ணைக் காட்டுகிறார்கள். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்தக் கதவையும் ஓங்கிச் சாத்தியது. ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்க்கொண்டே வேலைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின்மீது செய்யும் மோசடி என்றது. மோசடிக்காரன் என்ற பட்டம் பையனுக்கு. கண்ணைக் காட்டிய ஐயருக்கு ஒன்றுமில்லை.

பத்து வியாழக்கிழமை கழித்து எங்களுக்கு விண்ணப்பத் தாள் கொடுத்தார்கள். பேர், வயது, தொழில். அதற்குக் கீழே: பூர்வீகம். மதுரைப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். நான் ஊர்ப் பேரை எழுதினேன். சபைக் குழுவிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த ஊரா, நல்லாத் தெரியுமே. ஊருல எந்தப் பக்கம்?" என்றார். கண்மாய்க்குக் கீழ்ப் பக்கம் என்றேன். "சரி சரி" என்று தாளை மடித்துக்கொண்டார். ஞானோபதேசத்தில் தாண்டிவிட்ட நிலையைப் பார் என்கிற கேள்வி இப்படி நம் பக்கமாகத் திரும்பி வந்தது. எஜமானிடம் கேட்க வேண்டியதை வேலைக்காரனிடம் கேட்டார்கள். அவன் பாவத்தை அறிவதற்கில்லை, என்னை எங்கே உட்கார வைப்பது என்று அறிவதற்கு.

சபை சேர்ந்த ஞாயிறு. பலிபீடத்துக்கு முன்னால் அழிக்கம்பி, அதில் ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேர் முழங்கால் போடலாம். புதியவர்களை முதலில் கூப்பிட்டார்கள். நாங்கள் ஏழு பேர் போனோம். ஐந்து இடம் மிச்சம். பின்னால் நின்றவர்கள் வரவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அம்மா கைப்பையில் கைக்குட்டையைத் தேடினார், ஒருவர் குனிந்து செருப்பில்லாத காலைப் பார்த்தார். அடுத்த பந்திக்கு நின்றுகொண்டார்கள். ஐயர் ஒரு நிமிசம் பார்த்தார், பிறகு எங்கள் ஏழு பேருக்கு மட்டும் கொடுத்தார். எனக்குப் பக்கத்தில் பெரியம்மா. பாத்திரத்தில் வாய் வைத்துக் குடித்துவிட்டு அந்தக் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தார். வெளியே வந்ததும், "பந்தி பிரிச்சுப்புட்டாகளே தம்பி" என்றார்.

இத்தோடு நிறுத்தினால் நான் யோக்கியன்போல ஆகிவிடும். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் கறிச்சோறு. வகுப்பில் படித்த ஏழு பேரையும் கூப்பிட்டிருந்தேன். பெரியம்மா அருந்ததியர், நாங்கள் பறையர். என் அம்மா எல்லாருக்கும் எவர்சில்வர் தட்டு வைத்தார், பெரியம்மாவுக்கு மட்டும் வாழை இலை போட்டார். "வயசானவுக, இலையில சாப்பிட்டாத்தான் மரியாத" என்று எனக்குச் சமாதானம். சாப்பிட்டபின் இலையைத் தூக்கிப் போட்டுவிடலாம், தட்டைக் கழுவ வேண்டியதில்லை. அது என் அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பெரியம்மாவுக்கு எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. ஆக, அந்தத் தாண்டிவிட்ட பக்கம் எனக்கும் உண்டு. என் நிலை, அந்த வீட்டில், எஜமான் நிலை.

இந்த மண்ணில் இதை யோசித்தவர்கள் இல்லாமல் இல்லை. அரசரடியில் 1969இல் லுத்தரன்களும் தென்னிந்தியத் திருச்சபையாரும் சேர்ந்து தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு இருந்தார். பரட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும். 2005இல் இறந்துபோனார். கீர்த்தனையை விட்டுவிட்டு நம் தெருப் பாட்டு மெட்டில் ஆராதனை அமைத்தவர். நற்கருணையை ஒரே உலை என்றார். அவரவர் வீட்டு அரிசியை ஒரே பானையில் போட்டுப் பொங்கி எல்லாரும் அள்ளிச் சாப்பிடுவது. சென்னை குருக்குல லுத்தரன் இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் 1980களில் தலித் இறையியலைப் பாடமாக்கினார். அதைப் படித்துப் பட்டம் வாங்கிய ஐயர்கள் இப்போது சபை சபையாக இருக்கிறார்கள். கருத்தரங்குக்குப் போனால் தலித் இறையியல் பேசுவார்கள். வியாழக்கிழமை வகுப்புக்கு மட்டும் அந்தப் பாடம் இறங்கி வரவில்லை. வகுப்பை ஓய்வுபெற்ற வாத்தியார்களிடம் விட்டுவிட்டார்கள்.

அம்பேத்கரைப் பாருங்கள். 1956 அக்டோபர் 14, நாகபுரி. லட்சக்கணக்கான பேர் மதம் மாறிய நாள். வாயில் வைத்துச் சொல்ல வைத்த 22 உறுதிமொழிகளில் தெய்வங்களைப் பற்றியது மட்டும் இல்லை. எல்லா மனிதரும் சமம் என்று நம்புகிறேன், அந்தச் சமத்துவத்தை நிலைநாட்டப் பாடுபடுவேன் என்பதும் சேர்ந்துதான் இருந்தது. சேருகிற அன்றைக்கே, வாய்விட்டு, கூட்டத்துக்கு முன்னால். அங்கேயும் சாதி உடனே செத்துவிடவில்லை என்பார்கள். தெரியும். ஆனால் அந்த உறுதிமொழியைச் சொன்னவனிடம் போய், நீ சொன்னாயே என்று கேட்க முடியும். எங்கள் சபையில் யாரைப் போய்க் கேட்பது? எவன் எப்போது சொன்னான்?

ஐயர்மார்களே, புதிய புத்தகம் எழுதச் சொல்லவில்லை. லுத்தர் எழுதிவைத்த பக்கத்தைத் திறக்கச் சொல்கிறேன். வியாழக்கிழமை வகுப்பில் நாங்கள் மட்டும் ஏன் உட்கார வேண்டும்? சபைக் குழுவும் உட்காரட்டும், சந்தா பாக்கியில்லாத பழைய குடும்பங்களும் உட்காரட்டும். எஜமானுக்குக் கொடுத்த மாதிரி அறிக்கையைத் தமிழ்நாட்டு எஜமான் வாயால், ஊர்ப் பேரோடு, தெருப் பேரோடு சொல்லட்டும். நானும் வாழை இலையைச் சொல்கிறேன்.

பாம்புக் கடிக்குப் பச்சிலை மாதிரி இதை அரைத்துப் போட்டால் விஷம் இறங்கிவிடும் என்று நம்புகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது. தபசு காலத்துக்கு முன்னால் அடுத்த வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். இந்தத் தடவை வாத்தியாருக்கு முழங்கால் வலி, என்னை நடத்தச் சொல்லிக் கேட்டார்கள். சம்மதித்தேன். இரண்டு நிபந்தனை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாவ அறிக்கைப் பகுதியிலிருந்துதான் தொடங்குவேன். குழு உறுப்பினர்கள் எல்லாரும் வகுப்புக்கு வர வேண்டும். எழுத்தில் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. பார்க்கலாம் என்றார்கள். பெரியம்மா வியாழக்கிழமைதோறும் கேட்கிறார்: "என்ன தம்பி, அவுக உக்கார வர்றாகளா?"